கிராக் போடலாமா, கூடாதா? கேம் பைரசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். மெஷினை ஒப்படைக்கும் நேரத்தில் பசங்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாடு இதுதான்: கேமை உருவாக்கியவருக்கு அதன் விலை போய்ச் சேர வேண்டும், விலை கொடுத்தவருக்கு அந்தக் கேம் முழுசாகக் கிடைக்க வேண்டும். இதில் எது தவறினாலும் தப்புதான்.

அண்ணா, கேம் எல்லாம் நீங்களே ஏத்திக் கொடுத்துடுவீங்கள்ல?

நீங்கள் வாங்கிய கேம், இலவசமாக வெளியான கேம் என்றால் டவுன்லோட் செய்து, செட்டிங்ஸ் பார்த்து, ஓட்டிக் காட்டியே கொடுப்பேன். கிராக் கேம் ஏற்றித் தருவதில்லை. மெஷினோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால், யாரோ உழைத்துச் செய்த பொருளைக் காட்டி என் கடைக்கு ஆள் சேர்க்கிறேன் என்றாகிவிடும். வீட்டில் ஒரு பையன் தனியாகச் செய்வதைவிட அது பெரிய தப்பு.

கிராக், ரீபேக், டிஆர்எம்... இதெல்லாம் என்னண்ணா?

இந்தக் கேமை ஆடுபவர் முறையாக வாங்கியவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாட்டுக்குப் பொதுப்பெயர் டிஆர்எம். அந்தச் சோதனையை நீக்கும்படி அல்லது ஏமாற்றும்படி மாற்றிய ஃபைல்தான் கிராக். கிராக் போட்ட கேமை டவுன்லோட் அளவு குறையும்படி சுருக்கிக் கொடுப்பது ரீபேக்.

இந்தப் பூட்டு புதிதல்ல. டாஸ் காலத்து பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் லெவல் முடிந்ததும் குடுவைகள் நிறைந்த ஓர் அறை வரும். கேமோடு வந்த கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்த எழுத்துள்ள குடுவையைக் குடிக்க வேண்டும். ஃபிளாப்பியில் கைமாறி வந்த காப்பியை ஆடியவர்களிடம் கையேடு இருக்காது. பிறகு சிடியைச் சோதிக்கும் பூட்டுகள் வந்தன, அப்புறம் இணையம் வழியாகச் சோதிப்பவை.

காப்பிதானே எடுக்கிறோம்? அவங்ககிட்ட இருந்தது அப்படியேதானே இருக்கு?

உண்மைதான், அதனால் இதைத் திருட்டு என்று சொல்ல நானே தயங்குவேன். ஒருவரின் பைக்கை எடுத்தால் அவரிடம் பைக் இருக்காது. கேமைக் காப்பி எடுத்தால் அப்படி எதுவும் குறையாது.

ஆனால் கேம் செய்தவர் தன் பொருளை உங்களுக்கு ஒரு நிபந்தனையோடுதான் தருகிறார்: இரண்டு மூன்று வருஷம் சம்பளமோ சேமிப்போ செலவழித்து இதைச் செய்தேன், ஆட விரும்புகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று. கிராக் போட்டு ஆடுபவர், அந்தச் செலவை மற்றவர்கள் ஏற்கட்டும், பலன் மட்டும் எனக்கு வரட்டும் என்கிறார். தப்பு அங்கேதான் இருக்கிறது.

நான் எப்படியும் அந்தக் கேமை வாங்கியிருக்கவே மாட்டேனே. அப்புறம் எப்படி நஷ்டம்?

இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு கேமைப் பத்து லட்சம் பேர் கிராக் செய்து ஆடினால் பத்து லட்சம் விற்பனை போய்விட்டது என்று கணக்குப் போடுவது சரியல்ல. ஐரோப்பிய ஆணையம் செய்யச் சொல்லி, 2015-இல் முடிந்து 2017-இல் வெளியே தெரிந்த ஓர் ஆய்வு, புதிதாக வெளியான பெரிய படங்களைத் தவிர மற்றவற்றில் பைரசியால் விற்பனை குறைந்ததற்கு உறுதியான புள்ளிவிவர ஆதாரம் கிடைக்கவில்லை என்றது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024-இல் வில்லியம் வோல்க்மன் என்பவர் டெனுவோ என்ற டிஆர்எம் பூட்டு போட்ட 86 கேம்களை எடுத்து ஆராய்ந்தார். வெளியான முதல் வாரத்திலேயே கிராக் ஆன கேம்களுக்கு வருமானத்தில் சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. 12 வாரத்துக்குப் பிறகு கிராக் ஆனவற்றுக்குச் சொல்லும்படி இழப்பு இல்லை. அப்படியென்றால், கிராக் கிடைக்காவிட்டால் வாங்கியிருக்கக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த கேமை வெளியான அன்றே தேடிப்பிடித்து, ராத்திரி முழுக்க ஆடுகிறீர்கள் என்றால், நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

ஒரு கேம் நாலாயிரம் ரூபாய். எங்க அப்பாகிட்ட எப்படிக் கேட்பேன்?

கேட்கவே வேண்டாம். புதிதாக வெளியாகும் பெரிய கேம்களின் விலை இங்கே பல குடும்பங்களுக்கு ஒரு மாத மளிகைச் செலவு. அந்த வயதில் கேம் ஆட ஆசைப்படுவதும் தப்பில்லை. பிள்ளைகளைத் திருடன் என்று திட்டும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் வழி இருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விற்கிறது. ஒன்றிரண்டு வருஷம் பழைய கேம்கள் சேலில் கால் விலைக்கும் அதற்குக் கீழேயும் வருகின்றன. இன்னொரு கடையான எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரிலிருந்து கேம்களை இலவசமாகவே தருகிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே கொடுத்தது. வாங்கிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். 'ஆடிப் பார்க்கத்தான் கிராக் போட்டேன்' என்ற காரணத்துக்கு இப்போது இடமே இல்லை.

பெரிய பெரிய கம்பெனிங்கதானே. அவங்களுக்கு இது ஒரு காசா?

பெரிய கம்பெனிக்கு வலிக்காது என்பதால் சரியாகிவிடாது. ஆனால் எனக்கு அதிகக் கவலை சின்னவர்களைப் பற்றித்தான். 2013-இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் கேம் டெவ் டைகூன் என்ற கேமை வெளியிட்டது. கேம் கம்பெனி நடத்துவதுதான் கேமே. விற்பனைக்கு விட்ட கையோடு, ஒரு காப்பியைக் கிராக் ஆனது போலவே, ஜனங்கள் தங்களுக்குள் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும் டோரண்டில் தாங்களே போட்டார்கள். அதில் ஒரு சின்ன மாற்றம்: ஆடுபவரின் கம்பெனி, பைரசியால் விற்பனை இல்லாமல் திவாலாகிவிடும். முதல் நாள் கணக்கில் காசு கொடுத்து ஆடியவர்கள் 214 பேர், டோரண்ட் காப்பியை ஆடியவர்கள் குறைந்தது 3104 பேர். இவ்வளவு உழைத்தும் திருட்டுக் காப்பியால் என் கம்பெனி நொடிக்கிறதே, என்ன செய்வது என்று அந்த 3104 பேரில் சிலரே பொதுவெளியில் புலம்பினார்கள்.

வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலையும் பாசத்தையும் வைத்து, டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்ட கேம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுகக் கேமுக்கான விருது வாங்கியது. அதையும் கிராக்கில் தேடினேன் என்று ஒரு தம்பி சொன்னபோது மனசு கஷ்டப்பட்டது. இட்லியும் புட்டும் வரும் கேம் இன்னொன்று வர வேண்டும் என்று நினைத்தால், முதலில் செய்தவர்களுக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுப்பார்கள்?

தம்பி, பையன் இதெல்லாம் டவுன்லோட் பண்றான். போலீஸ் கீலீஸ் வந்துடுமா?

வீட்டில் தனியாக ஆடும் மாணவனைத் தேடி போலீஸ் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. தண்டனை 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லையென்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 2 வருஷம் வரை சிறை என்கிறது.

பையனிடம் போலீஸைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். போலீஸ் வராது என்று அவனுக்கே தெரியும், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டான். மேலே சொன்ன 3104 பேர் கதையைச் சொல்லுங்கள்.

கேமிங் சென்டர் வெச்சிருக்கேன். எட்டு மெஷினுக்கும் ஒரிஜினல் வாங்கினா கட்டுப்படியாகாதுங்க.

மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில் கிராக் ஓட்டுவதை எந்தக் காரணமும் காப்பாற்றாது. முந்தைய பதிலில் சொன்ன சலுகை தொழில் செய்பவருக்குக் கிடையாது. வீட்டுக்கு வாங்கிய ஒரு காப்பியைக் கடையில் ஓட்டுவதற்கும் பல கேம்களின் ஒப்பந்தம் இடம் தராது. எந்த உரிமம் கடைக்குப் பொருந்தும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சென்டரில் பசங்க அதிகம் ஆடும் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 எல்லாம் இலவசமாகவே கிடைப்பவை. அவற்றை வைத்துத் தொடங்குங்கள்.

கிராக்ல வைரஸ்னு சும்மா பயமுறுத்தறாங்கதானே?

இல்லை. 2021-இல் அவாஸ்ட் நிறுவனம் கிராக்கனோஷ் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டது. ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 போன்ற கேம்களின் கிராக் காப்பிகளில் ஒளிந்து வந்தது அது. விண்டோஸை சேஃப் மோடில் போகவைத்து ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, உங்கள் மெஷினில் அவர்களுக்காக மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும். உலகம் முழுக்க 2.22 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்திருந்தது.

என்னிடம் சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் 'சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்துது' என்று வருபவற்றில் முதலில் பார்ப்பது இதைத்தான். 'இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க' என்று எழுதியிருப்பதைப் பார்த்தும், அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டு இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள்.

ஏதோ ஒரு சைட்ல ஒரிஜினல் கீயே பாதி விலைக்கு விக்கிறாங்க. அது ஓகேவா?

கீ என்பது வாங்கிய கேமைத் திறக்கும் குறியீடு. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள கடைகள் தரும் தள்ளுபடி சரி. யார் வேண்டுமானாலும் வந்து கீ விற்கும் சந்தை வேறு. அங்கே திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய கீயும் வரும். கார்டுக்காரர் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறும்போது, கேம் செய்தவருக்கு விற்ற பணமும் போய், மேலே அபராதக் கட்டணமும் விழும். ஃபேக்டோரியோ கேமைச் செய்தவர்கள் இப்படிப் புகார் சொல்லி, ஜி2ஏ என்ற சந்தை 198 திருட்டுக் கீ விற்பனையாகியிருந்ததை ஒப்புக்கொண்டு, 2020-இல் 39,600 டாலர் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் கிராக்கே மேல். அதில் கேம் செய்தவர் கையிலிருந்து காசு போவதில்லை.

டெனுவோனாலதான் கேம் திக்குதுன்னு சொல்றாங்களே?

டெனுவோ ஆஸ்திரியாவில் உருவானது, 2014-இல் ஃபிஃபா 15-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எல்லாக் கேமும் அதனால்தான் திக்குகிறது என்பது மிகை. பல சமயம் கேமையே சரியாகச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. 2021-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ், எதிரிகள் தாக்கும் இடங்களில் திக்கியது. ஜூலையில் வெளியான கிராக்கில் அந்தத் திக்கல் இல்லை. கேம்கள் எப்படி ஓடுகின்றன என்று சோதிக்கும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழு இரண்டையும் வைத்துச் சோதித்து உறுதிப்படுத்தியது. டெனுவோவோடு, கேமைச் செய்த கேப்காம் தன் சொந்தப் பூட்டையும் சேர்த்திருந்தது. கடைசியில் பைரசித் தடுப்பு நுட்பத்தைச் சீர்செய்ததாகச் சொல்லி கேப்காமே ஒரு பேட்ச் (திருத்த ஃபைல்) வெளியிட்டது.

அப்போ காசு கொடுத்தவனுக்குத்தான் தொல்லை, கிராக் போட்டவன் ஜாலியா ஆடுறான். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2008-இல் ஸ்போர் கேமை வாங்கியவர்கள் மூன்று கம்ப்யூட்டரில்தான் ஏற்றலாம் என்றது அதை வெளியிட்ட இஏ நிறுவனம். எதிர்ப்பு வந்த பிறகு ஐந்தாக்கியது. இத்தனை பூட்டுக்குப் பிறகும் அந்த வருஷம் டோரண்டில் அதிகம் இறங்கிய கேம் அதுதான். 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனம், தனியாக ஆடும் அசாசின்ஸ் கிரீட் 2-க்குக்கூட இணையம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்றது. மார்ச் மாதம் யாரோ அவர்கள் சர்வரைத் தாக்க, காசு கொடுத்தவர்கள் ஆட முடியாமல் நின்றார்கள். 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டியிலும் இதே கதை. சர்வர் தாங்கவில்லை, அமேசான் சில நாள் விற்பனையையே நிறுத்தியது. ஆன்லைன் இல்லாமல் இந்தக் கேம் ஓடவே ஓடாது என்று சொன்னவர்கள், ஒரு வருஷம் கழித்து ஆஃப்லைன் மோடு கொடுத்தார்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகும் ஊரில் இருந்துகொண்டு, வாங்கிய கேமை ஆட ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால், அது வாடிக்கையாளரைச் சந்தேகப்படுவதற்கு அவரிடமே காசு வாங்குவது. ஆனால் இந்தக் கோபம், வாங்காமலே ஆடுபவருக்கு நியாயம் ஆகாது. தொல்லைப்பட்டவர் வாங்கியவர், வாங்காதவர் அவருடைய குறையைத் தன் காரணமாகச் சொல்லக் கூடாது.

நான் காசு கொடுத்து வாங்கின கேம்தான். அதுக்கு கிராக் போட்டா?

மனசாட்சிப்படி எனக்கு இதில் தப்புத் தெரியவில்லை. விலை போய்ச் சேர்ந்துவிட்டது. சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட பழைய சிடி கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டின் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஓடவிடுவதில்லை. சிடி கையில் இருக்கிறது, கேம் ஓடாது. வாங்கியவர் வேறென்ன செய்வார்?

சட்டத்திலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. முறையாக வைத்திருப்பவர் நிரலுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுக்கலாம் என்கிறது 52-ஆம் பிரிவு. முன்பு சொன்ன 65ஏ-யும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்கிறது. கேமின் உரிம ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லலாம். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் இதைச் செய்தால் அங்கே 1998-ஆம் வருஷத்து டிஎம்சிஏ சட்டம் இன்னும் கடுமையானது. வைரஸ் பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். பல பழைய கேம்கள் ஜிஓஜி என்ற இணையக் கடையில் பூட்டில்லாமல் நூறு இருநூறு ரூபாய்க்குச் சேலில் வருகின்றன. முதலில் அங்கே தேடுங்கள்.

எந்தக் கடையிலயும் கிடைக்காத பழைய கேமை என்ன பண்றது? எமுலேட்டர் தப்பா?

கம்ப்யூட்டரைப் பழைய கேம் மெஷின் போல நடந்துகொள்ள வைப்பது எமுலேட்டர். அந்த மென்பொருள் தப்பில்லை. சோனி தொடுத்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதில் போட்டு ஆடும் கேம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இன்றும் விற்பனையில் இருக்கும் கேமை எமுலேட்டரில் ஓசியில் ஆடுவதற்கும் கிராக்குக்கும் வித்தியாசம் கிடையாது.

விற்பனையிலேயே இல்லாதது வேறு விஷயம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் செய்த ஆய்வில், அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை. நூலகங்கள் அவற்றை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், காக்கவும் விடமாட்டோம் என்றால் அந்தக் கேம்கள் அழிந்துதான் போகும். கண்டிப்பான சட்டப்படி அந்தக் காப்பியும் மீறல்தான்; ஆனால் காசு கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க இடமில்லாதவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வாங்கின கேமையே ஒருநாள் கம்பெனி மூடிட்டா?

நடந்திருக்கிறது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டுபவர்களுக்கும் கேம் போய்விட்டது. வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு நடத்திய கையெழுத்து வேட்டை 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தருபவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்க முடியாது.

பதினாலு வயசுப் பையன் சேர்த்து வைத்த பாக்கெட் மணியில் வாங்கிய பொருளை, பத்து வருஷம் கழித்து அவன் கையிலிருந்து பிடுங்குவதும் ஒரு வகைத் திருட்டுதான் என்று நினைக்கிறேன். விடைபெறும்போது ஆஃப்லைன் பேட்ச் ஒன்று கொடுத்துவிட்டுப் போகலாமே.

சரி, கம்பெனி என்னதான் பண்ணணும்னு சொல்றீங்க? பூட்டே போடக் கூடாதா?

போலந்தைப் பாருங்கள். 1990-களில் வார்சா சந்தைகளில் விற்றதெல்லாம் திருட்டுக் காப்பிதான். நம்ம பர்மா பஜார் மாதிரி. 1994-இல் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட் என்ற போலந்து நிறுவனம், பால்டர்ஸ் கேட் கேமை 1999-இல் அங்கே விற்க வந்தபோது, பூட்டை நம்பவில்லை. கேம் முழுவதையும் பிரபல நடிகர்களின் குரலில் போலிஷ் மொழிக்கு மாற்றி, வரைபடமும் விதிப்புத்தகமும் இசை சிடியும் சேர்த்து ஒரு பெட்டியாகக் கொடுத்தது. திருட்டுக் காப்பியைவிட விலை அதிகம், ஆனால் அதில் இல்லாதது இதில் இருந்தது. ஜனங்கள் வாங்கினார்கள். பிறகு அதே நிறுவனம் தி விட்சர் 3 கேமை 2015-இல் ஜிஓஜி-யில் பூட்டே இல்லாமல் விட்டது. 2023-க்குள் எல்லாக் கடைகளிலுமாக 5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது, புரிகிறது. அப்படியென்றால் வோல்க்மன் ஆய்வு சொன்ன மாதிரி முதல் மூன்று மாதம் பூட்டு வைத்துக்கொள்ளட்டும், பிறகு எடுத்துவிடட்டும். 2016-இல் வெளியான டூம் கேமில் அதே வருஷம் டிசம்பரிலேயே டெனுவோவை எடுத்தார்கள். ரெசிடென்ட் ஈவில் வில்லேஜிலும் 2023-இல் டெனுவோ போய்விட்டது. அதோடு நம்ம ஊர் சம்பளத்துக்கு ஏற்ற விலையும் வைத்தால், என்னிடம் கிராக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

காலேஜ்ல நிறைய கிராக் கேம் ஆடிட்டேன். இப்போ வேலையில இருக்கேன். அதுக்கு என்ன பண்றது?

பழசையெல்லாம் கணக்குப் பார்த்துக் குற்ற உணர்ச்சியில் உட்கார வேண்டாம். அதில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த கேம்கள் சில இருக்குமில்லையா, அவற்றைச் சேலில் வாங்கி லைப்ரரியில் வையுங்கள். சின்னக் குழுக்கள் செய்தவற்றிலிருந்து தொடங்குங்கள். வாங்கிய பிறகு இரண்டு வரி விமர்சனம் எழுதுங்கள். ஸ்டீமில் விமர்சனம் ஏற ஏற அவர்களுடைய கேம் புதியவர்கள் கண்ணில் படுவதற்கு அது உதவும். அப்புறம், ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பழைய கிராக் ஃபோல்டர் இன்னும் இருந்தால் அழித்துவிட்டு, விண்டோஸைச் சுத்தமாக மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.